கடலில்லாத உரும்பிராய்

அண்ணை, உங்கடை மகள் நேற்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என்ரை தையல் மேசையில் வைத்துத் திறந்தாள். பழைய தாளின் புழுங்கல் மணம். எல்லாம் உங்கடை அயர்லாந்துப் புத்தகங்கள். பிள்ளை கண் கலங்கி நிற்க, நான் செய்த முதல் வேலை என்ன தெரியுமோ? ஒவ்வொரு புத்தகத்தையும் தலைகீழாய்ப் பிடித்து உதறினேன், உள்ளுக்குள் இருந்து ஏதும் கடுதாசி விழுகிறதா என்று. நீங்கள் கண்ணை மூடி மூன்று மாதமாகிறது. என்ரை சந்தேகம் இன்னும் போகவில்லை.

உங்களை முதல் நாளே எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு களிசான் நுனி மடித்துத் தைக்க பாரிஸுக்கு வெளியிலை கிடக்கிற கூசேன்வில்லிலிருந்து லா ஷப்பலில் இருக்கிற என்ரை கடைக்கு ஆர் வருவார்? விமானம் துப்புரவாக்குகிற வேலை என்றீர்கள். கையில் ஒரு ஆங்கிலப் புத்தகம், அட்டையில் பச்சை மலை. "டப்ளின் பிளேனிலை சனம் விட்டிட்டுப் போறது, தங்கச்சி. கேட்டுத்தான் எடுக்கிறனான்." கேட்டு எடுக்கிறாராம்! நான் நம்பவில்லை.

பிறகு சனிக்கிழமைதோறும் வந்தீர்கள். சிறுபிள்ளைகளின் படப்புத்தகத்தை விரித்து, சிற்றன்னையின் சாபத்தால் நாலு பிள்ளைகள் அன்னமாகித் தொள்ளாயிரம் வருடம் குளிருக்குள் நீந்திய கதையைச் சொன்னீர்கள். இன்னொரு நாள் தடித்த சரித்திரப் புத்தகம்: உருளைக்கிழங்கு தோட்டத்திலேயே அழுக, பசியில் கப்பலேறின சனத்தின் பாடு. சாறிச் சட்டைக்கு அளவு கொடுக்க வந்த பெண்கள் அளவை மறந்து கேட்டார்கள். நானும் கேட்டேன், மெஷினை நிற்பாட்டாமல்.

நீங்கள் கொப்பியை வெளியே எடுத்த நாள்தான் வினை தொடங்கியது. "அயர்லாந்திலை ஒரு காலம் பள்ளிக்கூடப் பிள்ளையள் வயசானவையிட்டைப் போய் ஊர்க்கதையெல்லாம் கேட்டுக் கொப்பியிலை எழுதினவையாம். நாங்களும் எழுதுவம். உங்கடை ஊர் எது, தங்கச்சி?"

ஊர் எதுவாம்! சண்டைக் காலத்தில் ஊரைக் கேட்டு எழுதிக்கொண்டு போனவர்களால் என்னென்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியாதா? நீங்கள் கடையை விட்டு இறங்கியதும், அங்கே நின்ற எல்லோருக்கும் சொன்னேன்: "கதையைச் சொல்லுங்கோ, ஊரைச் சொல்லிப்போடாதேங்கோ. இந்த மனுசன் ஆருக்கு எழுதுறாரோ!" அப்படியே செய்தார்கள். சாவகச்சேரிக்காரி மானிப்பாய் என்றாள். மன்னார்க்காரி வவுனியா என்றாள். பாசையூரில் கடலுக்குப் போன தகப்பனின் மகளான நானோ, உரும்பிராய் என்றேன்.

நான் சொன்னது, வள்ளம் திரும்பாத மனுசனுக்காகக் கரையில் விளக்கோடு நின்று நின்று, கடைசியில் விளக்கோடேயே கடலுக்குள் நடந்துபோன பெண்ணின் கதை. சொல்லி முடிய நீங்கள் பேனையைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தீர்கள். தோட்டமும் கிணறுமாய்க் கிடக்கிற உரும்பிராயில் ஏது கடல்? "நல்ல கதை, தங்கச்சி," என்றுவிட்டு உரும்பிராய் என்றே எழுதினீர்கள். அதுவும் எனக்குச் சந்தேகம்தான். பொய்யென்று தெரிந்தும் பேசாமல் எழுதுகிற மனுசன் எப்படிப்பட்டவர்?

இப்போது மகள் அந்தக் கொப்பிகளை இங்கத்தைப் பிள்ளைகளுக்காகப் புத்தகமாய் அடிக்கப்போகிறாளாம், ஒவ்வொரு கதைக்கு மேலும் ஊர்ப் பெயர் போட்டு. பிரெஞ்சில் கேட்டாள்: "அன்ரி, மேப்பில் பார்த்தேன். உரும்பிராயில் கடல் இல்லையே. அப்பா பிழையாய் எழுதிவிட்டாரா?"

நான் வாயை மூடிக்கொண்டால் பிழை உங்கடை தலையில் விழும். பதில் சொல்ல நீங்கள் எழும்பி வரமாட்டீர்கள். வெட்கமாயிருந்தது, அண்ணை. அழுகையும் வந்தது.

"அப்பா பிழை விடேல்லை, பிள்ளை. நான்தான் பொய் சொன்னனான். மற்றவையும் என்ரை சொல்லைக் கேட்டுத்தான் மாத்திச் சொன்னவை. என்ரை ஊர் பாசையூர்."

இத்தனை வருடத்தில் பாரிஸில் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்தடவை. அவள் ஒரு தாளில் எழுதினாள். "காட்டு பாப்பம்," என்று வாங்கிப் பார்த்தேன். பாசையூர், கீழே என்ரை பெயர். பெயரை வெட்டிவிடு என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் திருப்பிக் கொடுத்தேன்.

உங்களிட்டை மன்னிப்புக் கேட்கத்தான் இதை எழுதத் தொடங்கினேன். ஆனால் அண்ணை, அவள் படியிறங்கியதும் நான் ஜன்னலடிக்குப் போய், தெருவில் அவள் ஆரையும் சந்திக்கிறாளா என்றுதான் பார்த்துக்கொண்டு நின்றேன்.