பின்னோக்கிப் போன தேதி

லெ லோக்கிள்,
4 மே 2009

அன்புள்ள லூசெத்,

முழங்கால் வலி தேவலையா? நாம் சேர்ந்து தொடங்கிய நம் கடிகார வடிவமைப்பு ஆபீசுக்கு இந்தச் செப்டம்பரில் இருபத்தைந்து வயது. நீ விலகிப் பியேன் நகரத்துக்குப் போய் எத்தனை வருஷமானாலும் எனக்கு அது நம் ஆபீஸ்தான். மேய்ச்சல் மேட்டில் தீ மூட்டி, தணலில் தொத்திறைச்சி புதைத்து, பழைய வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் விருந்து. நீ வராமல் இருக்கக் கூடாது.

ஆபீசின் வரலாற்றைச் சின்னப் புத்தகமாக எழுதியிருக்கிறேன். எழுத என்ன இருக்கிறது, சொல்? நாம் வடிவமைத்த கடிகார இயந்திரங்களெல்லாம் பெரிய கம்பெனிகளின் பெயரில் ஓடுகின்றன. வாய் திறந்தால் ஒப்பந்தப்படி வழக்கு. மிச்சம் நம் அசட்டுத்தனம்தான். அதனால் முதல் இயந்திரத்தின் கதையைப் போட்டுவிட்டேன். நீ தேதித் தட்டின் திசையைத் திருப்பும் ஒரு பல்சக்கரத்தை வரைய மறந்ததும், வாடிக்கையாளர் கண்ணெதிரே தேதி பன்னிரண்டிலிருந்து பதினொன்றுக்குப் போனதும், "நேத்தைக்குப் போறதுக்கு எதுக்குய்யா எனக்குக் கடிகாரம்?" என்று அவர் கேட்டதும். ஆபீசில் படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

உன்,
எட்கார்

பியேன்,
11 மே

எட்கார்,

முழங்கால் பரவாயில்லை. உன் கடிதம்தான் வலிக்கிறது.

தேதிப் பகுதியை வரைந்தவன் நீ. "யார் வரைஞ்சது?" என்று அந்த மனிதர் கேட்டபோது உன் முகம் வெளுத்துவிட்டது. நீ முன்பு வேலை பார்த்த ஃபேக்டரி மூடிப்போய், அப்போது கைக்குழந்தையோடு நின்றாய். "நான்தான்" என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் வந்தவரெல்லாம், "அந்தம்மா வரைஞ்சதை எட்கார் ஒரு தடவை பாத்துடட்டும்" என்றார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துத்தான் விலகினேன். நீ நன்றி சொல்லாததில் வருத்தமில்லை. நீயும் அதை நம்பிவிட்டாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அச்சுக்குப் போகும் முன் மாற்று. இல்லாவிட்டால் விருந்துக்கு வரமாட்டேன்.

லூசெத்

லெ லோக்கிள்,
15 மே

அன்புள்ள லூசெத்,

சத்தியமாக எனக்கு அப்படி ஞாபகம் இல்லை. சண்டை வேண்டாம். உன் பெயரை எடுத்துவிட்டு, 'எங்களில் ஒருவர்' என்று போட்டுவிடட்டுமா?

எட்கார்

பியேன்,
19 மே

எட்கார்,

நான் உன்னிடம் தர்மம் கேட்கவில்லை. உன் விருப்பப்படி அச்சடித்துக்கொள். இனி எழுதாதே.

லூசெத்

லெ லோக்கிள்,
2 ஜூன்

லூசெத்,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். திட்டிக்கொள்.

இரண்டு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தச் சக்கரம் ஞாபகத்துக்கு வரவே இல்லை. ஆனால் உன்னைத் தெரியும். உன் வரைபடத்தில் யாராவது குறை சொன்னால் லேசில் விடுவாயா? பென்சிலை எடுத்து உட்கார்ந்து, சொன்னவனே மன்னிப்புக் கேட்கும்வரை எழுந்திருக்க மாட்டாய். நிஜமாகவே தப்பு செய்திருந்தாலும் அப்படித்தான். அன்று மட்டும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் "நான்தான்" என்றாய். உன்னுடையதாக இருந்தால் நீ அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டாய்.

அது என்னுடையதுதான். புத்தகத்தில் என் பெயரைப் போட்டு, நீ எனக்காக ஏற்றுக்கொண்டதையும் எழுதிவிட்டேன். விருந்தில் எல்லார் முன்னாலும் நானே வாசிக்கப் போகிறேன். அவர்கள் கேட்கும்போது நீ அங்கே இருக்க வேண்டும்.

எட்கார்

பியேன்,
6 ஜூன்

அன்புள்ள எட்கார்,

எந்த ரயிலில் வந்தால் ஸ்டேஷனில் வந்து நிற்பாய் என்று எழுது. அந்த மேட்டில் என்னால் தனியாக ஏற முடியாது.

உன்,
லூசெத்