பதினைந்தாம் நாள் படம்

ஊறுகாய் போட மருமகள் வினிகர் புட்டியைத் திறந்தாள். எக்ஸ்ரே படம் கழுவும் மருந்தின் அதே புளித்த வாடை. அதில் சமையலறை மெல்லக் கரைந்து, திண்டுக்கல் ஆஸ்பத்திரியின் இருட்டறை வந்துவிட்டது. ஈரம் சொட்டும் படத்தோடு, அங்கே எக்ஸ்ரே எடுத்த என் தோழி நீ நிற்கிறாய்.

அறுபதுகளின் தொடக்கம். என் மாணவி ஒருத்தி, இரண்டு வயதுத் தங்கையையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வருவாள். ஒருநாள் நான் தூக்கியதும் குழந்தை வீறிட்டது. முதுகில் விரல் தடங்கள். குழந்தையையும் தாயையும் உன்னிடம் கூட்டி வந்தேன். "தொட்டில்லருந்து விழுந்துருச்சு" என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி.

படத்தில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். நானோ வாசலில் நின்ற தகப்பனிடம் போய், தப்பாக நினைத்துவிட்டேன் என்று மன்னிப்பே கேட்டுவிட்டேன்.

"ஏ டீச்சரு, பரிச்ச நடக்கயிலயே மார்க்குப் போட்டுருவியோ?" என்று திட்டினாய். "விலா எலும்புல மெல்லிசான கீறல் இன்னைக்குத் தெரியாது. எலும்பு சேர ஆரம்பிச்சாத்தான் அந்த எடம் தடிச்சுத் தெரியும். பதினஞ்சு நாளு ஆகும்."

சுவரில் பூசிய ஒட்டு, காய்ந்த பிறகுதானே தனியாகத் தெரிகிறது!

"அழுகை நின்னுட்டா யாரு திரும்பி வருவா?" என்று கேட்டேன்.

"வலிச்சா வாங்கன்னா வரமாட்டாக. படம் எங்கிட்ட இருந்தா வருவாக."

எக்ஸ்ரே படத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் அக்கம்பக்கத்தில் காட்டுவது அன்று ஒரு பெருமை. தாயிடம், "படம் காயணும். பதினஞ்சாம் நாள் பிள்ளையோட வந்து வாங்கிக்க. அதுவரைக்கும் அகரத்துல ஒங்க அண்ணன் வீட்டுல வச்சுக்க, பிள்ள அலுங்கக் கூடாது" என்றாய். அவள் போனதும் அந்தப் பொய்க்காக நெஞ்சில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாய்.

பதினைந்தாம் நாளையே எண்ணிக்கொண்டிருந்ததில், கரும்பலகையில் நான் எழுதிய தேதியெல்லாம் தப்பு.

வந்தாள், அண்ணனோடு. குழந்தையை மறுபடி படம் எடுத்து, விளக்குப் பெட்டியில் பழையதையும் புதியதையும் அருகருகே வைத்தாய். முன்பு வெறும் கோடுகளாக இருந்த விலாக்களில் இப்போது மூன்று மல்லிகை மொட்டுகள் போல வெள்ளைத் தடிப்பு. தாய் ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"தொட்டில் இல்லக்கா" என்றாள்.

அண்ணன் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டார். "ரெண்டு பிள்ளைகளும் நீயும் இனி எங்கூடத்தான். அவன் வந்து கேக்கட்டும், பாத்துக்கிறேன்."

மறுவாரம் என் வகுப்பில் ஓர் இடம் காலியானது. காலி இடத்தைப் பார்த்து நான் மகிழ்ந்தது அந்த ஒரு முறைதான்.

நேற்று எதிர்வீட்டுப் பிள்ளை கை வீங்கி நின்றது. விழுந்துவிட்டதாம், கட்டுப் போட்டாயிற்றாம். சரி என்று கேட்டுக்கொண்டேன். வீட்டுக்குள் வந்து, காலண்டரில் பதினைந்து தாள் தள்ளி ஒரு மூலையை மடித்துவைத்தேன்.