தோள் ஏறினால் கீங்

பிப்ரவரி 3
தோளில் கிழிந்த தசைநாரைத் தைத்துப் பதினோரு வாரம். இன்று நானே தலை சீவப் பார்த்தேன். வலது கை காது வரை போனது, அங்கேயே நின்றுவிட்டது. ஊருக்கெல்லாம் முடி வெட்டிய கை! மிச்சத்தை மனைவி சீவிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 5
கடையைப் பார்த்துக்கொள்ளும் மச்சினன் வந்தான். தரையைப் பார்த்தே பேசினான். "மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. ஜன்னல் பக்கத்து நாற்காலி சும்மா கிடக்கு. ஏப்ரல் முதல் வாரத்துக்குள்ள நீங்க வரலைன்னா வேற ஆள் போடணும்."

அந்த நாற்காலிக்குப் பின்னால் இருபத்திரண்டு வருஷம் நின்றிருக்கிறேன். "சரிடா" என்றேன். அவன் சொல்வதும் நியாயம்தான். அதுதான் இன்னும் எரிகிறது.

பிப்ரவரி 10
பிசியோதெரபி அறையில் ஒரு மெஷின். தோள், மேல்கை, முதுகு மூன்றிலும் தீப்பெட்டி அளவில் பெட்டிகளைப் பட்டை போட்டுக் கட்டினார் பிசியோ மேடம். கையைத் தூக்கினால் திரையில் கோடு ஏறும். கைக்குப் பதிலாகத் தோளைக் காதுப் பக்கம் ஏற்றி ஏமாற்றினால் 'கீங்' என்று கத்தும். பத்துத் தடவை தூக்கினேன். பத்துக் கீங்.

"கடையில எப்படி நிப்பீங்க, காட்டுங்க சார்."

காட்டினேன். கீங்.

ஆக, இத்தனை வருஷமும் இப்படித்தான் நின்றேனா? உயரமான ஆள் உட்கார்ந்தால் நாற்காலியை இறக்க மாட்டேன், தோளை ஏற்றிக்கொள்வேன். பெடல் காலடியிலேயே இருக்கிறது! சோம்பேறித்தனத்தை வேகம் என்று பீற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிப்ரவரி 11
மனைவியிடம் சொல்லியிருக்கக் கூடாது. அலமாரியில் டம்ளர் எடுக்கப் போனாலும் பின்னாலிருந்து "கீங்!"

பிப்ரவரி 17
மோசம். தோள் அடங்கிவிட்டது, இப்போது முதுகு சாய்கிறதாம். திரையில் என் முதுகுக்கு ஒரு குச்சி. அது நேராக நிற்க வேண்டும். குச்சி வலப்பக்கம் சாயுது, நான் இடப்பக்கம் இழுக்கிறேன், இன்னும் சாயுது. மூணு நாளா இதே கூத்து. "மெஷினைத் தூக்கிப் போடுங்க மேடம்"னு கத்திட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க.

பஸ்ஸில் கண் கலங்கியது. நாற்காலி போயிடுமோ? போனா நான் யாரு?

பிப்ரவரி 19
மேடம் இன்று என் பின்னால் வந்து நின்றுகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "சார், நீங்க கண்ணாடி பார்க்கிற மாதிரி பார்க்கறீங்க!"

திரையில் இருப்பது எதிரே நிற்கிற ஆளின் படமாம். அதன் இடது என் வலப்பக்கம் தெரியும். பகல் முழுக்கக் கண்ணாடியைப் பார்த்தே வேலை செய்கிறவனுக்கு அது எப்படி உறைக்கும்? சாய்ந்த பக்கமே மேலும் மேலும் சாய்ந்திருக்கிறேன். மேடம் ஏதோ தட்டிப் படத்தைத் திருப்பினார். அடுத்த பத்துத் தடவையும் குச்சி அசையவில்லை. ஒரு கீங் இல்லை. பத்துக்குப் பத்து! முழங்கால் பயிற்சிக்கு வந்தவர் கை தட்டினார்.

கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "மெஷினைத் தூக்கிப் போடற அளவுக்குக் கை இன்னும் வரல சார். நாளைக்கு வாங்க" என்றார்.

மார்ச் 9
நானே சீவினேன்! வகிடு நூல் பிடித்த மாதிரி.

மார்ச் 24
திரையை மேடம் தன் பக்கம் திருப்பிக்கொண்டார், சத்தத்தையும் அணைத்துவிட்டார். கத்தரியோடு காற்றில் இருபது நிமிஷம் வெட்டினேன். "எத்தனை மேடம்?" "ஒண்ணே ஒண்ணு. அதுவும் நீங்க தும்மினப்போ." அரை நாள் வேலைக்குப் போகலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 4
கடை. ஜன்னல் பக்கத்து நாற்காலியில் மச்சினனே ஏறி உட்கார்ந்தான். "வேற ஆள் போடணும்னியே?" என்றேன். "முதல்ல என் தலையைப் பாருங்க மாமா, காடா கிடக்கு."

அவன் ஆறடி. பெடலை மிதித்து இறக்கினேன். "என்ன மாமா, புதுசா இருக்கு?" வாயை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னேன்.

காதோரம், பிடரி, உச்சி. கை எங்கே போகச் சொன்னேனோ அங்கே போனது. துணியை உதறிவிட்டு "அடுத்து யாரு?" என்று கேட்டபோது குரல் கொஞ்சம் கூடவே ஏறிவிட்டது.

மனைவி ஆரம்பத்திலிருந்தே கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை கூடக் கீங் சொல்லவில்லை.