மேல்கோடு எந்தக் கம்பி?

செவ்வாய்க்கிழமை, இரவு.

ஞாயிறு என் மனைவி மல்லிகாவின் பிறந்தநாள். அவளுக்குப் பிடித்த பாட்டைக் கிட்டாரில் வாசிப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். எந்தக் கம்பியில் எங்கே விரல் வைப்பது என்று கோடு போட்டுக் காட்டும் 'டேப்' தாளைப் பத்து நாளாகப் பார்த்து வாசித்தும் பாட்டு வரவில்லை.

இன்று கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்: "இன்னாங்க, பூனைய மிதிச்சா மாதிரி கீது?"

தாளைக் காட்டினேன். ஆறு கோடுகள், ஆறு கம்பிகள். மேல்கோடுதான் கிட்டாரில் மேலே இருக்கும் தடித்த கம்பி என்றேன்.

"யார் சொன்னது?"

நிருபராக ஊரையெல்லாம் நான் கேட்கும் கேள்வி. யாரும் சொல்லவில்லை. கிட்டார் ஆசிரியருக்குப் போன் செய்தேன். மேல்கோடு மெல்லிய கம்பியாம்.

மாற்றி வாசித்தேன். நான்காவது சுரத்திலேயே மல்லிகா பாட ஆரம்பித்தாள். என் விரல் ஐந்தாவதைத் தேடுவதற்குள் பல்லவியை முடித்துவிட்டாள்.

"மெதுவா வாங்க, ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம் கீது."