கிள்ளான்காரரின் கள்ளாட்டம்

செவ்வாய் இரவு, பிரிக்பீல்ட்ஸ்.

இன்றும் கிள்ளான்காரரிடம் தோற்றேன். கிள்ளான் ஊர் என்பது மட்டும் தெரியும்; முகம் தெரியாது, ஆன்லைன் செஸ்ஸில் ஏற்பட்ட பழக்கம்தான். முன்பெல்லாம் ராணியைச் சும்மா பறிகொடுத்துவிட்டு, "அலாமாக், போச்சு லா அண்ணே!" என்று எழுதுவார். இந்த வாரம் ஒரு தப்புகூடச் செய்யவில்லை. ஒரே ஒரு காயைத்தான் நகர்த்த முடியும் என்ற இடத்திலும், தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டிய இடத்திலும் ஒரே அளவு நேரம் எடுக்கிறார். கம்ப்யூட்டரைக் கேட்டுத்தான் ஆடுகிறார். பந்தயமா, பரிசா? எதற்கு இந்தக் கள்ளாட்டம்?

எரிச்சலில் புகார் பொத்தானை அழுத்தப்போனேன். அழுத்தினால் அவருடைய கணக்கை மூடிவிடுவார்கள். அதற்குள், "அண்ணே, சாப்டாச்சா?" என்று எழுதியிருந்தார்.

அதைக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்திருக்காது. இன்று வேறு யாரும் என்னைக் கேட்கவும் இல்லை.

"சாப்டாச்சு லா. இன்னொரு கேம்?" என்று பதில் போட்டேன்.

சோறு இன்னும் சட்டியிலேயே இருக்கிறது.