செவ்வாயில் நிற்கும் ஊர்தி

அன்பின் மனோன்மணிக்கு,

உமது முழங்கால் நோவு குறைந்ததா? நான் சுகமாகவே இருக்கிறேன். தடுமாறாமல் இருக்க ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்:

1. இங்கு நடந்த சிறு சம்பவம்.
2. எனக்கு வேண்டிய பொருள்.
3. எங்கள் மகன் சுஜிதனின் மரண அத்தாட்சிப் பத்திரத்துக்கு நீர் ஏன் கையொப்பமிட வேண்டும் என்பது.

முதலாவது. நான் காவல் நிற்கும் ரொறன்ரோ அருங்காட்சியகத்தில், செவ்வாய்க் கோளில் ஓடிய ஆளில்லா ஊர்தி ஒன்றின் மாதிரி இருக்கிறது. நேற்று வவுனியாப் பக்கத்து அம்மா ஒருவர் வந்து, "உது இப்ப எங்க, ஐயா?" என்று கேட்டார்.

"அங்கதான் நிக்குது. புழுதிப் புயலுக்குப் பிறகு பேச்சில்லை. எட்டு மாசம் கூப்பிட்டுப் பாத்திட்டு விட்டிட்டினம்."

"எட்டு மாசமோ? கூப்பிடுற வேலையை எங்கட ஊர்த் தாய்மாரிட்டக் குடுத்திருக்கலாம்," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு சற்று நேரம் கதிரையில் இருந்தேன். தலைச்சுற்றுத்தான், பயப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது. அலுமாரியில் என் பழைய சால்வை இருக்கிறது. யாராவது இங்கு வந்தால் கொடுத்துவிடும். அதைத் தோய்க்க வேண்டாம்.

மூன்றாவதற்கு நேற்றுவரை நியாயங்கள் வைத்திருந்தேன். பிள்ளை காணாமற்போய்ப் பதினாறு வருடம், உமக்கும் வயதாகிவிட்டது, இனியும் மற்றத் தாய்மாரோடு வீதியோரப் போராட்டப் பந்தலில் அவன் படத்தோடு இருக்க வேண்டாம் என்றெல்லாம். இப்போது அவை எழுத வரவில்லை. வற்றாப்பளை அம்மன் கோயிலில் வழக்கம்போல அவன் பெயரும் நட்சத்திரமும் சொல்லி, உயிரோடிருக்கும் பிள்ளைக்குச் செய்வதுபோலவே அர்ச்சனை செய்வியும்.

வேலைக்கு நேரமாகிறது. மேலே பட்டியலில் மூன்றாவதாக நான் எழுதியது பிழை. கையொப்பமிட வேண்டாம்.

உமது,
யோகலிங்கம்