ஜிம்மியின் கழுத்துப்பட்டை

நீங்கள் கண்ணை மூடி மூன்று மாதமாகிறது. உங்கள் டிரங்குப் பெட்டியை நேற்றுத்தான் திறந்தேன். கறுப்புக் கோட்டுக்கு அடியில் ஒரு தோல் பட்டை. மூக்கருகே கொண்டுபோனதுமே தெரிந்துவிட்டது, ஜிம்மியின் வாசனை.

பட்டையோடுதானே ஜிம்மி ஓடிப்போனது? அப்படித்தானே என்னிடம் சொன்னீர்கள்?

யுத்தம் தொடங்கி உங்கள் ஆபீஸ் துரை சீமைக்குக் கிளம்பியபோது, மாட்டேன் என்று சொல்ல வாய் வராமல் அந்த ஃபாக்ஸ் டெரியர் நாயை மாதுங்காவுக்குக் கூட்டி வந்தது நீங்கள்தான். துரை டைப் அடித்துக் கொடுத்த காகிதத்தை எனக்குத் தமிழில் சொன்னீர்கள். தினம் இரண்டு வேளை ஓடவிட வேண்டும், அடிக்கக் கூடாது, கட்டியே போட்டால் கண்டதைக் குதறும். நீங்கள் கட்டித்தான் போட்டீர்கள். உங்கள் குடையும் என் முறமும் போன பிறகு சங்கிலியை நான் வாங்கிக்கொண்டேன்.

மடிசாரோடு நாய் பின்னால் ஓடுகிற மாமியைப் பார்த்துத் தெரு சிரித்தது. சிரிக்கட்டும் என்றிருந்தேன். அதற்கு முன் நாலு வருஷ பம்பாயில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அடுக்களையும் மார்க்கெட்டும்தான். ஜிம்மி இழுத்த இழுப்பில்தான் மாஹிம் கடலையே பார்த்தேன். நன்றாக ஓடிவிட்டு வந்தால் அதைப்போல சாது கிடையாது. தயிர்சாதம் தின்றுவிட்டு, காதை நீவினால் மடியிலேயே தூங்கும்.

செம்பூரில் அக்காவின் பிரசவத்துக்குப் போய் இரண்டு நாளில் திரும்பினேன். "கதவு திறந்திருந்தது, ஓடிப் போயிடுத்து" என்றீர்கள். லீவு போட்டுவிட்டு என்னோடு தேடினீர்கள். மாஹிம் வரைக்கும், தாராவியில் சந்து சந்தாக. என்னைவிட உரக்க ஜிம்மியைக் கூப்பிட்டீர்கள். நடுத்தெருவில் நான் அழுதபோது, "அழாதே, கிடைச்சுடும்" என்றீர்கள். இப்படி ஒரு மனுஷர் யாருக்கு வாய்க்கும் என்று அன்று நினைத்தேன். அதை நினைத்தால்தான் இப்போது உடம்பெல்லாம் எரிகிறது.

பட்டையோடு ஏழெட்டுக் கார்டுகளைக் கட்டி வைத்திருந்தீர்கள். அம்பர்நாத் ஃபாக்டரியில் இருக்கும் உங்கள் சிநேகிதர் எழுதியவை. "நாய் வந்து சேர்ந்தது. ஆத்துக்காரி நாயோடு ஓடுவதை நாலு பேர் பேசுகிறார்கள் என்று நீ வருத்தப்பட்டது நியாயம். மன்னியிடம் நான் மூச்சு விடமாட்டேன்." இது முதல் கார்டு. அடுத்ததில், "சௌக்கியமாக இருக்கிறது. ஆனால் விடிந்தால் வாசலில் போய் நின்றுகொண்டு நகரமாட்டேன் என்கிறது." கடைசிக் கார்டு போன வருஷத்தது. ஜிம்மி செத்துப்போனதாம், பட்டையை உங்களுக்கு அனுப்பியிருக்கிறாராம்.

அம்பர்நாத் ரயிலேறினால் வந்துவிடுகிற ஊர். நேரே சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், நாலு நாள் பேசாமல் இருந்திருப்பேன், பிறகு போய்ப் பார்த்துவிட்டாவது வந்திருப்பேன். ஏழு வருஷம் என் கையால் சாப்பிட்டுக்கொண்டே எப்படி முடிந்தது உங்களுக்கு?

இன்று விடிகாலையில் பட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு மாஹிம் வரை நடந்தேன். மூன்று மாதம்தான் ஆகிறது, இவள் இப்படி வெளியே கிளம்பிவிட்டாளே என்று நாலு பேர் பார்த்தார்கள். நீங்கள் பயந்தீர்களே, அதே நாலு பேர். நான் நிற்கவில்லை.